வினைச்சொல் வராத மருமகள்

தேநீர் கொதிக்கும் சமோவார் மேல் ஒட்டியிருந்த சீட்டில் ‘ஜன்னல்’ என்று எழுதியிருந்தது. ஜன்னல் மேல் ‘மாமா’. ஹூஷங் தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஜார்ஜியாவிலிருந்து வந்த மருமகள் கேத்தோ ஒரு மாதமாகப் பாரசீகம் படிக்கும் லட்சணம் இது. ஆனால் அவளை விட்டால் ஹூஷங்குக்கு வேறு வழியில்லை. கார் நிறுத்துவதற்காக முற்றத்து நாரத்தை மரத்தை வெட்டிய நாளிலிருந்து மனைவி மஹ்லகா அவரோடு பேசுவதில்லை. எங்கள் ஷிராஸில் பெண்கள் கோபித்துக்கொண்டால் சாப்பாடு வரும், தேநீர் வரும், பேச்சு மட்டும் வராது. சேதியெல்லாம் மருமகள் வழியாகத்தான்.

"அந்த மனுஷன்கிட்ட டீ ஆறுதுன்னு சொல்லு," என்றாள் மஹ்லகா.

கேத்தோ வந்தாள். "மாமா, டீக்கு ஜலதோஷம்."

எங்கள் மொழியில் குளிரைச் ‘சாப்பிட்டால்’ ஜலதோஷம். தரையைச் ‘சாப்பிட்டால்’ கீழே விழுந்ததாக அர்த்தம். ஹூஷங் ஒரு மணி நேரம் விளக்கினார். மறுநாள் அவர் தரையில் உட்கார்ந்து வெள்ளரிக்காய் தின்றபோது, கேத்தோ அடுப்படிக்கு ஓடினாள்.

"அத்தை, மாமா தரையைச் சாப்பிட்டுட்டார்!"

மஹ்லகா கரண்டியோடு பதறி வந்தாள். வெள்ளரிக்காயைப் பார்த்தாள்.

"பொய் சொல்லி வரவழைக்கிறாரா? இனி சாகிற வரைக்கும் பேசமாட்டேன்னு சொல்லு."

ஹூஷங் கேத்தோவைத் தனியே அழைத்தார். "போம்மா, மரத்தை வெட்டினதுக்கு நான் வருத்தப்படறேன்னு சொல்லு," என்று அனுப்பிவிட்டுக் கதவோரம் நின்றார்.

"அத்தை, மாமா மரத்தை வெட்டினதுக்கு..."

வினைச்சொல் எங்களுக்குக் கடைசியில்தான் வரும். கேத்தோ சீட்டுகளைப் புரட்டினாள்.

"வெட்டினதுக்கு?"

"வெட்டினதுக்கு... ரொம்ப... சந்தோஷ..."

"வருத்தப்படறேன்," என்று ஹூஷங் உள்ளே பாய்ந்தார். "நம்ம கல்யாண வருஷம் நீ நட்ட மரம், மஹ்லகா. வசந்தம் வந்தா கிளையை உலுக்கி உன் மடியில பூ உதிர்ப்பேன், நீ அந்தப் பூவுல ஜாம் கிண்டுவே. இப்ப எனக்கே முற்றத்துப் பக்கம் போகப் பிடிக்கல."

மஹ்லகா கரண்டியைக் கீழே வைத்தாள். கண் கலங்கியிருந்தது.

"மடியில இல்ல," என்றாள். "தலையில உதிர்ப்பீங்க."

மறுநாள் காலை ரொட்டிக் கடை வரிசையில் ஹூஷங் பூரிப்போடு நின்றார்.

"எங்க மருமக பாவம்ப்பா. ஒரு மாசமாச்சு, முழுசா ஒரு வாக்கியம் வரல."

கடைக்காரர் அடுப்பிலிருந்து ரொட்டியை இழுத்துப் போட்டார்.

"யாரு, அந்த ஜார்ஜியாப் பொண்ணா? வந்த மறுநாளே வரிசையில முந்தினவனை அரைமணி நேரம் நிக்கவச்சுக் கேள்வி கேட்டுச்சே, அவ்வளவு சுத்தமான பாரசீகத்தை நான் ரேடியோவுலகூடக் கேட்டதில்லையே?"