மாடி போர்ஷனில் காசை ஒழித்த கவர்மென்ட்

காசைத் தொடாமல் ஒரு மாதம் வாழ்ந்திருக்கிறீர்களா? நான் வாழ்ந்திருக்கிறேன். சாமியாராகவெல்லாம் போகவில்லை. மந்தைவெளி மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மாடி போர்ஷனில் கவர்மென்ட்டோடு குடியிருந்தேன், அவ்வளவுதான்.

முதலாளித்துவத்தை ஒரு டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டிய ஒரே மனிதர் உலகத்திலேயே அவர்தான். தி.நகர் டுடோரியலில் பொருளாதாரம் நடத்துவார். முதலாளித்துவம் முடிந்ததும் முதலில் பணம் போகும், அப்புறம் அரசும் தானாக உதிர்ந்துவிடும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். அரசே கூடாது என்றவருக்குத் தெரு வைத்த பெயர்தான் கவர்மென்ட்.

தெருமுனை இட்லிக்கடை அஞ்சலை அக்காவிடமும் ஆரம்பித்தார்.

"அக்கா, வரப்போற சமுதாயத்துல காசே கிடையாது."

"இட்லி கீதா?"

"இருக்கும்."

"மாவு யாரு ஆட்டுவா?"

"எல்லாரும் சேர்ந்து ஆட்டுவோம்."

"அதுவரைக்கும் இன்னாத்துக்குக் காத்துக்கினு கீற, வாத்யாரே? சாயங்காலம் வந்து ஆட்டு. உனக்கு இன்னியிலருந்தே காசு வாணாம்."

வேறு யாராயிருந்தாலும் மறுநாள் முதல் அடுத்த தெரு வழியாகப் போயிருப்பார்கள். இவர் ஐந்து மணிக்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்துவிட்டார். கூலி நாலு இட்லி.

அந்த வெற்றி தலைக்கேறியது. போர்ஷனில் அவர், நான், ரங்கநாதன் தெரு பாத்திரக்கடையில் வேலை பார்த்த திருநெல்வேலி முத்து. மூன்று சம்பளமும் பெட்டிக்குள் போனது. வாடகையும் மளிகையும் அதிலிருந்து. வீட்டுக்குள் காசுக்குப் பதில் அவர் எழுதிக் கொடுக்கும் சீட்டுதான் செல்லும். லாரித் தண்ணீர் பத்துக் குடம் மாடிக்கு ஏற்றினால் ஒரு சீட்டு. சமைத்தால் ஒரு சீட்டு. ஒரு சீட்டுக்கு ஒரு வேளைச் சாப்பாடு.

"தேவைக்கேத்த மாதிரி எல்லாருக்கும்கிறது அடுத்த கட்டம்ப்பா. இப்போ உழைப்புக்கேத்த மாதிரி," என்றார்.

முத்து விடிகாலையில் எழுந்து எல்லாக் குடத்தையும் அவனே ஏற்றி, ஒரே வாரத்தில் சீட்டு முதலாளி ஆனான்.

மாதக் கடைசியில் பார்த்து எனக்கு மஞ்சள் காமாலை. எழுந்து நிற்க முடியவில்லை. கையில் ஒரு சீட்டும் இல்லை. பொதுக்குழு கூடியது.

"சட்டம்னா சட்டம்தாம்ல," என்றான் முத்து. "இவனுக்குச் சும்மா போட்டா, நாளைக்கு நானும் காய்ச்சல்னு படுத்துக்கிடுவேன்."

கவர்மென்ட் ஃபேனைப் பார்த்தபடி சொன்னார்: "நோயாளிகளுக்குன்னு பொதுக் கையிருப்பு ஒண்ணு இருக்குப்பா. சட்டத்துல எழுத விட்டுப்போச்சு."

அன்றிலிருந்து எனக்கு இரண்டு வேளை கஞ்சி, சாயங்காலம் நாலு இட்லி. இதுவல்லவா அரசு என்று வெட்கமில்லாமல் தின்றேன்.

நாலாம் நாள் அஞ்சலை அக்கா மாடியேறி வந்தாள், கவர்மென்ட்டைத் தோளில் சாய்த்துக்கொண்டு. மாவு ஆட்டும்போதே மயங்கி விழுந்து, சீட்டுக் கதையை அக்காவிடம் உளறியிருந்தார். பொதுக் கையிருப்பு என்பது அவருடைய சீட்டும் அவருடைய இட்லியும்தான் என்று அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

"ஒடம்பு முடியாதவன்கிட்ட சீட்டு கேக்குறீங்களே, நீங்கள்லாம் படிச்சவனுங்களா?" முத்துவின் சீட்டுக்கட்டை அக்கா அப்படியே பிடுங்கி அடுப்பில் போட்டாள். முத்து எழுந்து போய்த் தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்து கவர்மென்ட் முன்னால் வைத்தான்.

அவர் பாயில் படுத்தபடியே அடுப்பைப் பார்த்தார். "அரசு உதிர்ந்துடுச்சு. நான் நெனச்சதவிட சீக்கிரம்."

"மொதல்ல துண்ணு," என்றாள் அக்கா.

அதெல்லாம் முடிந்து பல வருடம் ஆகிவிட்டது. அவருடைய டுடோரியலையும் மூடிவிட்டார்கள். ஆறு மாதமாக அவர் அடையாறில் என் வீட்டு முன்னறையில் இருக்கிறார். சீட்டு எதுவும் நான் கேட்பதில்லை.