ஒரு சாண் இடது பக்கம்

"இடது பக்கம். ஒரு சாண்."

"இப்பதானே வலது பக்கம்னே?"

"அப்ப வலது பக்கம் போச்சு, சொன்னேன். இப்ப இடது பக்கம் போகுது, சொல்றேன். குண்டுக்கு நான் வழி சொல்லல மச்சான், அது போன வழியைச் சொல்றேன்."

வெர்ல் டொலெஃப்ஸன் துப்பாக்கிக் கட்டையிலிருந்து கன்னத்தை எடுத்தார். ஈரப் பாயில் குப்புறப் படுத்திருந்ததில் வயிறு சில்லிட்டிருந்தது. பக்கத்தில் மடக்கு நாற்காலியில், முக்காலித் தொலைநோக்கிக்குப் பின்னால், அவர் மனைவியின் அண்ணன் ஆரின் சூரியகாந்தி விதையை மென்று துப்பிக்கொண்டிருந்தார்.

மொன்டானாவில் ஏப்ரல் என்பது பாதி சேறு, பாதி காற்று. இந்தக் கரையில் கிளப்பின் சுடுதளம். நடுவே பனி உருகி நுரைத்து ஓடும் ஓடை. அதற்கு அப்பால் ஆர்டித் என்கிற பண்ணைக்காரியின் மேடு. ஆயிரம் கஜ தூரத்தில், அந்த மேட்டின் நிழலில், வெள்ளையாக ஒரு புள்ளி. அங்கே வெள்ளை பூசித் தொங்கவிட்ட இரும்புத் தகட்டைத்தான் வெர்ல் அடிக்க வேண்டும். அதைத்தான் அவரால் அடிக்க முடியவில்லை.

"எனக்கென்னவோ பட்ட மாதிரி இருந்துச்சு ஆரின். மண்ணு தெறிக்கவே இல்லையே?"

"மழையில ஊறின மண்ணு எங்கய்யா தெறிக்கும்? சுட்டவன் சாட்சி சொல்லக் கூடாது. கிளப் சட்டம் தெரியும்ல?"

தெரியும். அந்தக் கிளப்பில் சுடுகிறவர் சுட வேண்டும். பார்க்கிறவர் சொல்ல வேண்டும். சொன்னதை மறுத்துப் பேசுவது, தேவாலயத்தில் பாதிரியாரை நிறுத்தி 'அந்த வசனம் அப்படி இல்லையே' என்று கேட்பதைவிட மோசம். வெர்ல் குறி பார்க்கும் ஸ்கோப்பின் திருகைத் திருப்பி ஒரு சாண் வலது பக்கம் நகர்த்திக்கொண்டார். சுட்டார்.

"இப்ப மேல போகுது," என்றார் ஆரின்.

இதெல்லாம் தோளால் வந்த வினை. முப்பது வருடமாக வெர்ல் சுட்டது ஒரு பெரிய தோட்டா. கரடியைக்கூட யோசிக்க வைக்கும் சாமான். ஒவ்வொரு தடவையும் கோவேறு கழுதை மாதிரி தோளில் உதைக்கும். போன டிசம்பரில் தோளைக் கிழித்துத் தைத்த டாக்டரம்மா தெளிவாகச் சொல்லிவிட்டாள்: "இன்னொரு சீசன் அந்தப் பீரங்கியைச் சுட்டீங்கன்னா, சூப்பு குடிக்கக்கூட இடது கைதான்."

சுடாமல் இருப்பது என்பதை வெர்லால் கற்பனை செய்ய முடியவில்லை. ஜூன் முதல் சனிக்கிழமைப் போட்டி இல்லாத வருடத்தில், மற்ற மாதங்கள் எதற்காக வரும்?

அதனால் குளிர்காலம் முழுக்க, புதிதாக வந்திருந்த ஒரு சின்னத் தோட்டாவை மனதுக்குள் தராசில் ஏற்றி இறக்கினார். குண்டின் பருமன் பென்சிலைவிடக் கொஞ்சம் குறைச்சல். ஆனால் நீளம், ஊசி மாதிரி. காற்றைக் கிழித்துக்கொண்டு போகுமாம். உதை, பூனை வந்து உரசுகிற மாதிரி. அது ஒரு தட்டு. மறு தட்டில், குழல் சீக்கிரம் எரிந்து போகும், தோட்டாவின் பித்தளைக் கூடு கடையில் தனியாகக் கிடைக்காது, அப்புறம் ஆரினுக்குப் பிடிக்காது. மார்ச்சில் தட்டு ஒரு பக்கம் சாய்ந்து, அதைச் சுடும் துப்பாக்கி வீட்டுக்கு வந்தது. ஓடையில் வெள்ளமும் வந்தது. தகட்டுப் பக்கம் போய்ப் பார்க்க வேண்டுமானால் பாலம் வரைக்கும் போய்ச் சுற்றி வர வேண்டும். ஆரின் இருக்கும்போது அது எதற்கு?

"குண்டு லேசு," என்று அன்றைக்கு ஹோட்டலில் பான்கேக்கை அறுத்தபடி தீர்ப்பு சொன்னார் ஆரின். "காத்து அதைக் காகிதம் மாதிரி தூக்கிட்டுப் போகுது. கனமான குண்டு போடு."

கடையில் வந்தது லேசான குண்டுதான். கனமானது வேண்டுமென்றால் தோட்டாவைத் தானே நிரப்ப வேண்டும். வெர்ல் பழைய கூடுகளைச் சேகரித்தார், கழுவினார்.

"வெர்ல்!" சமையலறையிலிருந்து நோர்மாவின் குரல். "ஆப்பிள் காயவைக்கிற மெஷின்ல என்னது இது?"

"பித்தளைக் கூடு. ஈரம் போகணும்."

"என் தலையணை உறை எங்க?"

"வாஷிங் மெஷின்ல."

"நான் போடலையே."

"நான்தான் போட்டேன். மிச்சக் கூடெல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு."

நோர்மா அவருடைய காபியை எடுத்துத் தொட்டியில் கொட்டினாள். நாற்பது வருட தாம்பத்தியத்தில் அதுதான் அவளுடைய மிகப் பெரிய வசவு.

கனமான குண்டு வந்தது. வலது பக்கம் ஒரு முழம் போனது, ஆரின் கணக்கில்.

"நீளமான குண்டு நேராப் போகணும்னா பம்பரம் மாதிரி வேகமா சுத்தணும்," என்றார் ஆரின். "குண்டைச் சுத்தி விட உன் குழல்ல இருக்கிற புரி பத்தாது. குழலை மாத்து."

"நீதானே கனமான குண்டு போடச் சொன்னே?"

"போடச் சொன்னேன். இந்தக் குழல்ல போடச் சொன்னேனா?"

குழல் மாறியது. புதுக் குழல் தடிமன். கட்டையின் பள்ளத்தில் உட்காரவில்லை. வெர்ல் அரத்தை எடுத்து வால்நட் மரத்தைச் சுரண்டினார். அந்த மரத்தூள் காயவைத்த ஆப்பிள் மேல் படிந்தது. நோர்மா அந்த ஆப்பிளைத் தட்டில் வைத்து, அவர் முன்னால் நகர்த்தி, அவர் தின்று முடிக்கிற வரைக்கும் எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த சனிக்கிழமை.

"கீழ. ரெண்டு சாண்."

"ஆரின், நிஜமாவே தெரியுதா உனக்கு?"

ஆரின் தொலைநோக்கியிலிருந்து மெதுவாகத் திரும்பினார். அவருடைய நீலக் கண்கள், பால் கலந்த மாதிரி வெளிறி, வெர்லின் காதுக்குக் கொஞ்சம் பக்கத்தில் நிலைத்தன.

"என் கண்ணைப் பத்திப் பேசுறியா? இந்தக் கவுன்ட்டியில என்னை மாதிரிக் குண்டைப் பார்க்கிறவன் இருந்தா கூட்டிட்டு வா. நான் வீட்ல உக்காந்து பேஸ்பால் பார்க்குறேன்."

"சரி சரி, கோவிச்சுக்காதே." வெர்ல் மறுபடி ஸ்கோப்புக்குள் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். "ஏன்யா, தகடு முன்னைவிடச் சின்னதாத் தெரியுது?"

"ஸ்கோப் மட்டம். உசத்தியா வாங்கு."

உசத்தியாக வாங்கினார். அதற்கு அடுத்த வாரம் தகடு இன்னும் சின்னதாகத் தெரிந்தது. ஒரு மூலை வேறு மழுங்கியிருந்தது.

"உசத்திக் கண்ணாடி அப்படித்தான்," என்றார் ஆரின். "தூரத்தைத் தூரமாவே காட்டும். பொய் சொல்லாது. மேல ஒரு சாண், வலது பக்கம்."

அன்றைக்கு வெர்ல் துப்பாக்கியோடு பேச ஆரம்பித்தார். முதலில் தன்மையாக. பிறகு அதன் அம்மாவைப் பற்றி. கடைசித் தோட்டாவும் போன பிறகு பாயிலேயே மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்தார். மேகங்கள் எந்த அவசரமும் இல்லாமல் வடக்கே போய்க்கொண்டிருந்தன. அவற்றை யாரும் இடது பக்கம், வலது பக்கம் என்று சொல்லவில்லை.

"அந்தச் சனியனை வித்துடு மச்சான்," என்றார் ஆரின், அன்பாகத்தான். "இதெல்லாம் சின்னப் பசங்க சமாச்சாரம். கம்ப்யூட்டர்ல சுடுறவங்க கண்டுபிடிச்சது. ஆம்பளைக்குத் தோளு எதுக்கு இருக்கு?"

தீவனக்கடை ரோல்ஃபுக்கு அந்தத் துப்பாக்கி மேல் முதல் நாளிலிருந்தே ஒரு கண். காசு இல்லை, ஆனால் பண்டமாற்றுக்குத் தயார்.

"பனி தள்ளுற மெஷின் ஒண்ணு இருக்கு. ஒரே ஒரு சீசன் ஓட்டினது."

"ஏப்ரல் முடியப் போகுது ரோல்ஃப்."

"அதான் சல்லிசா வருது."

வெர்ல் துப்பாக்கியைக் கொடுத்தார். அரத்தால் தானே இழைத்த மரத்தை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். புதுக் குழல், உசத்தி ஸ்கோப், தலையணை உறை நிறையப் பளபளக்கும் கூடுகள், எல்லாம் போயின. பனி தள்ளும் இயந்திரத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு, வீட்டுக்குப் போக முகமில்லாமல், நேராகச் சுடுதளத்துக்குப் போனார். சீட்டுக்குப் பின்னால் பழைய பீரங்கி இருந்தது. ஆரின் ஏற்கெனவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"டாக்டரம்மா சொன்னது ஞாபகம் இருக்கா உனக்கு?" என்றார் வெர்ல்.

"ஒரே ஒரு குண்டு. பட்டா ஜூன்ல சுடு. படலைன்னா, நாம ரெண்டு பேரும் மீன் பிடிக்கப் போவோம்."

அது நியாயமாகப் பட்டது. வெர்ல் படுத்தார். பழைய ஸ்கோப்புக்குள் வெள்ளைப் புள்ளியைத் தேட வேண்டியிருந்தது. சாப்பாட்டுத் தட்டு அளவுகூட இல்லை. வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார், ஆரினிடம் சொல்லவில்லை. மூச்சை விட்டார். விசையை அழுத்தினார்.

உலகம் தோளில் வந்து மோதியது. தையல் போட்ட இடத்தில் எதுவோ, நனைந்த கயிறு அறுகிற மாதிரி, மெதுவாக விட்டுக்கொடுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"அடிச்சாச்சு!" ஆரின் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "நட்ட நடு! தகடு ஆடுதுய்யா! ஆடுது!"

"நிஜமாவா?"

"சத்தம் கேக்கலையா உனக்கு? எனக்குக் கேட்டுச்சே! இதுதான் தோட்டா! அந்த ஊசியும் பாசியும் யாருக்கு வேணும்?"

ஆரின் அவரைத் தூக்கி நிறுத்திக் கட்டிக்கொண்டார். வெர்லின் வலது கை விலாவோடு ஒட்டித் தொங்கியது. ஒரு அங்குலம்கூட மேலே வரவில்லை. வலியில் கண்ணில் நீர் வந்தது. ஆனாலும் சிரித்தார். தோள் போனாலும் கணக்கு நேராகிவிட்டது. தப்பு அவர் மேல் இல்லை, தோட்டா மேல்தான்.

ஓடைப் பாதையில் சேற்றை வாரி இறைத்தபடி ஒரு பிக்கப் வந்து நின்றது. ஆர்டித் இறங்கினாள். முட்டி வரைக்கும் ரப்பர் பூட்ஸ், கையில் வெல்டிங் கையுறை. வண்டியின் பின்கதவைத் தட்டித் திறந்தாள்.

"நல்ல வேளை, ரெண்டு பேரும் இருக்கீங்க. உங்க தகட்டைத் தண்ணி ஏறுறதுக்கு முன்னாடியே கழட்டிக் கொண்டுபோய்க் கொக்கியெல்லாம் மாத்திட்டேன்; மார்ச்சுல இருந்து அந்த மேட்டுல உருகாத பனி ஒரு திட்டு கிடக்குறதைத் தவிர ஒண்ணுமில்ல, யாரும் ஏன்னு கேக்கவும் இல்ல. சரி, தண்ணி வடியிற வரைக்கும் உங்க ஷெட்டுல இருக்கட்டும், செம கனம், வெர்ல், கொஞ்சம் ஒரு கை பிடிச்சு இறக்கிக் குடேன்?"