களவா மீனுக்கு ஒருசந்தி

எனக்குப் பக்தி முற்றும்போதெல்லாம் அடுத்தவர்களுக்குத்தான் ஆபத்து. சந்தேகமிருந்தால் என் மனைவி பிலோமினாவைக் கேளுங்கள்.

அறுபதுகளில், கல்யாணமான புதிது. மரக்காணத்துக் கடற்கரையில் பிறந்தவளைச் செஞ்சிக்குக் கூட்டி வந்துவிட்டேன். இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் பாறை. கடல் ஏக்கத்தில் வாடிப்போனாள். தங்கை முகத்தைப் பார்க்கப் பொறுக்காமல் அவள் அண்ணன் ஒரு கண்ணாடித் தொட்டியும், வரிபோட்ட ஏழு குட்டி மீன்களும் கொண்டுவந்தார். கடல் தண்ணீரை டின்னில் பிடித்து, திண்டிவனத்தில் பஸ் மாறி வருவார் (கண்டக்டரிடம் வாங்கிய திட்டு தனி). அந்த ஏழும்தான் அவளுக்குப் பிறந்த வீடு. சமைக்கும்போதுகூட அவற்றோடு பேசுவாள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். தெருவே வந்து பார்க்கிற தொட்டியில் குட்டி மீன்கள் இருப்பது எனக்குக் கௌரவக் குறைச்சலாகப் பட்டது. மரக்காணம் போனபோது, வலையில் விழுந்த ஒரு களவாக் குஞ்சைத் தேர்ந்தெடுத்தேன். பாதி உடம்புக்கு வாய், முறைக்கிற பார்வை, சாட்சாத் தாசில்தார்!

"மாப்ள, அது வாயப் பாத்தீங்களா? பசிச்சா பக்கத்துல இருக்கறத முழுங்கிடும்" என்றார் மைத்துனர். வேளாவேளைக்குப் போட்டால் ஏன் முழுங்கப்போகிறது என்று சட்டம் பேசினேன். சொன்னபடி தினமும் இரண்டு வேளை ஏரி மீனை நறுக்கிப் போட்டேன். ஒரு மாதம் ஒரு வம்பும் இல்லை.

பெரிய வெள்ளிக்கிழமை வந்தது. அன்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒருசந்தி, சாயங்காலம்வரை பட்டினி. கோயிலுக்குக் கிளம்பும்போது, களவாவுக்குத் தீனி போட்டாயிற்றா என்று பிலோமினா கேட்டாள்.

"அதுவும் கிறிஸ்தவங்க வூட்டு மீன்தானே? இன்னிக்கு ஒருசந்தி இருக்கட்டும்" என்றேன். (என்னைப் பெற்ற நைனாகூட மெச்சினார்.) அவள் தயங்கித் திரும்பிப் பார்த்தாள். நேரமாகிறது என்று நான்தான் அவசரப்படுத்தினேன்.

திரும்பி வந்தபோது தொட்டியில் களவா மட்டும் வயிறு புடைக்க நின்றது. வாயோரம் ஒரு வால் இன்னும் உள்ளே போகவில்லை.

பிலோமினா அழவில்லை. "ஆண்டவருக்காவப் பட்டினி கெடந்தது நாமங்க. அதுக்கு இன்னா தெரியும்?" என்றாள். நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலை.

களவாவை அவளே கொண்டுபோய்க் கடலில் விட்டாள். விட்டவள் மூன்று மாதம் அங்கேயே தங்கிவிட்டாள். நான் போய்க் கெஞ்சிக் கூத்தாடி அழைத்துவந்தேன்.

பல வருஷம் கழித்து மகளுக்கு வரன் பார்த்தபோது, மாப்பிள்ளை பார்க்கும் கூட்டத்தில் என்னைச் சேர்க்கவில்லை. "நைனா வேணாம். மொறைக்கறவனா பாத்துப் புடிச்சிக்கினு வந்துடுவாரு" என்றாள் மகள். இன்றைக்கும் எந்தக் கல்யாணப் பேச்சிலும் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். பிலோமினாவும் சிரிப்பாள்.

வேறு மீன் வாங்கித் தரட்டுமா என்று அவளிடம் எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். "வேணாங்க" என்பாள், அவ்வளவுதான்.