தொட்டி பாய் வளர்த்த மனிதர்கள்

குத்தாலத்தில் தொட்டி பாயால் குழம்பாத ஆள் ஒருவர்கூடக் கிடையாது. நான் அங்கே ஆறு வருஷம் வேலை பார்த்தேன். அதில் ஐந்தரை வருஷம் குழப்பத்திலேயே கழிந்தது. மீதி ஆறு மாதம் எனக்கு அவரைத் தெரியாது.

பாய்க்குச் சிமெண்ட் தொட்டி வார்க்கிற தொழில். மாட்டுத் தொட்டி, கிணற்று உறை, பூந்தொட்டி எல்லாம் மெயின் ரோட்டோரக் கொட்டகையில் வரிசையாகக் காய்ந்துகொண்டிருக்கும். அவருடைய நிஜப் பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும். அதை யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

நான் அங்கே வேளாண்மை அலுவலகம் ஒன்றில் கிளார்க். அதனால் எனக்குச் செடி கொடி எல்லாம் அத்துப்படி என்று ஊர் நம்பியது. எனக்குத் தெரிந்தது நெல் மட்டும். அதுவும் மூட்டையில் கட்டி, மேலே ரகத்தின் பெயரை எழுதி வைத்திருந்தால்தான். இந்த நம்பிக்கையின் பேரில்தான் ஓவர்சியர் என்னை ‘வீட்டுத் தோட்டம்’ வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டார். வாய்க்காலையும் மதகையும் அளந்தே ரிட்டயர் ஆனவர் அவர். வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டு மாடியில் கூட்டம் நடக்கும். அந்த வாரம் வாங்கின செடியை ஒவ்வொருவரும் தூக்கிக்கொண்டு வந்து காட்ட வேண்டும். செடியின் பெயர், வாங்கின நர்சரி, வாங்கின தேதி மூன்றையும் ஓவர்சியர் நோட்டில் குறித்துக்கொள்வார்.

முதல் ஞாயிறு நான் ஹைட்ரேஞ்சியா கொண்டுபோனேன். ஊட்டிக்குப் போனபோது ஆசைப்பட்டு வாங்கினது. பந்து பந்தாக நீலப் பூ. தொட்டி பாய் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “இது யாருங்க?” என்று கேட்டார்.

“ஹைட்ரேஞ்சியா.”

“அது கடைக்காரர் வச்ச பேரு. யாரு குடுத்தது?”

“நானேதாங்க வாங்கினேன்.”

“அப்ப எஸ்தர் மேடம்” என்று என் பெயரையே சொல்லி, செடியில் செருகியிருந்த பிளாஸ்டிக் லேபிளைப் பிடுங்கி என் கையில் கொடுத்தார். “லேபிளை நம்பி வாங்குனா லேபிள்தாம்மா வளரும். போன வருஷம் நாட்டு மாதுளைன்னு எழுதியிருந்ததை வாங்குனேன். எலுமிச்சையாப் போச்சு.”

மூன்று வாரத்தில் நம்மூர் வெயிலில் என் ஹைட்ரேஞ்சியா கருகிவிட்டது. போட்டோ எடுத்துக் குழுவில் போட்டேன். பாயின் பதில் உடனே வந்தது: “எஸ்தர் மேடம் இங்க தாக்குப்பிடிக்க மாட்டாங்கன்னு முதல் நாளே எனக்குத் தெரியும். வெளியில பாக்கத்தான் பளபளப்பு.” அப்போது போன் என் கணவர் கையில் இருந்தது. அவர் இரண்டு தடவை படித்துவிட்டு, “யாரு இந்த ஆளு? நீ எதுல தாக்குப்பிடிக்கலை?” என்று கேட்டார். விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் சோறு ஆறிவிட்டது.

பிறகுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. கொட்டகைக்குப் பின்னால் பாய் அறுபது தொட்டி வைத்திருந்தார். எந்தச் செடிக்கும் செடியின் பெயர் கிடையாது. யார் கொடுத்தார்களோ, யார் சொல்லி வாங்கினாரோ, அவர்கள் பெயர்தான். ஒருநாள் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்.

“இவங்க பெரிய டாக்டர். பூ வைக்கவே மாட்டாங்க, ஆனா ஆள் நல்லா கம்பீரமா இருப்பாங்க. அவரு தபால்காரர். எல்லாரும் பூத்து முடிச்சப்புறம்தான் பூப்பாரு.”

“செடியைப் போயி அவரு, இவருன்னு சொல்றீங்களே பாய்?”

“பேரு அவங்களோடது இல்லீங்களா? அது இதுன்னு சொன்னா மரியாதையா இருக்குமா?”

இந்த மரியாதையில்தான் எல்லாச் சிக்கலும். குழுவில் அவர் எழுதுவதைப் படித்தால் செடியா ஆளா என்று எவராலும் கண்டுபிடிக்க முடியாது. “வக்கீல் சார் மறுபடியும் சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குள்ள தலையை நீட்டிட்டாரு. இந்தத் தடவை வெட்டிட்டேன்” என்று ஒருநாள் எழுதினார். அது காகிதப்பூக் கொடி. ஆனால் பக்கத்து வீட்டுக்காரரும் எங்கள் குழுவில் இருந்தார். அவர் இரண்டு நாள் ஜன்னலைத் திறக்கவில்லை.

கடைசியில் அது ஓவர்சியர் தலையிலேயே வந்து விடிந்தது. “ஓவர்சியருக்கு உடம்பெல்லாம் மாவுப்பூச்சி. வேப்பெண்ணெய் அடிச்சு வெயில்ல நிறுத்தியிருக்கேன்” என்று பாய் எழுதினார். சென்னையில் இருக்கும் ஓவர்சியரின் மருமகளும் குழுவில் உண்டு. அவர் பதறிப்போய் மாமனாருக்கு போன் போட்டு, “மாமா, தோல் டாக்டரைப் பாத்தீங்களா? வேப்பெண்ணெயெல்லாம் எதுக்கு?” என்று கேட்டிருக்கிறார். ஓவர்சியர் அன்றைக்கே அவசரக் கூட்டம் கூட்டினார். பாய் எழுந்து நின்று எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்தார்.

“இனிமே செடின்னா செடி, மனுஷன்னா மனுஷன். போதுமாங்க?”

ஒரு மாதம் வாக்குத் தவறவில்லை. “செம்பருத்தி ஒன்று பூத்திருக்கிறது” என்று எழுதுவார். யாரும் பதில் போடமாட்டார்கள். போட என்ன இருக்கிறது?

அப்புறம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் விடாத மழை. மூன்றாம் நாள் காலையில் நான் ஆபீசுக்குக் கிளம்பும்போது பாயிடமிருந்து செய்தி: “டீச்சரம்மா தவறிட்டாங்க. முந்தாநாள் வரைக்கும் நல்லாத்தான் இருந்தாங்க. மனசே சரியில்லை.”

சரோஜா டீச்சர் எங்கள் குழுவிலேயே மூத்தவர். தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், தனியாக வசிப்பவர். போன் போட்டேன். எடுக்கவில்லை. ஓவர்சியருக்குப் போட்டேன்.

“பாய் பழையபடி செடியைச் சொல்றாரோ என்னமோ?”

“ஒரு மாசமா ஒழுங்காத்தானேம்மா எழுதறாரு. மனுஷன்னா மனுஷன்னு வாக்கே குடுத்திருக்காரு. நானும் டீச்சருக்கும் பாய்க்கும் அடிச்சுப் பாத்துட்டேன், ரெண்டு பேருமே எடுக்கலை. அவங்க பழைய மாணவர்கள் குரூப்புக்கு அனுப்பிட்டேன்.”

அரை மணி நேரத்தில் நாங்கள் ஏழெட்டுப் பேர் குடையோடு டீச்சர் வீட்டு வாசலில் நின்றோம். ஓவர்சியர் கையில் ரோஜா மாலை. உள்ளே அழுகைச் சத்தம் இல்லை. ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. கதவைத் தட்டினோம். சரோஜா டீச்சரே வந்து திறந்தார். கையில் பாதி நறுக்கின வெண்டைக்காய்.

“என்ன எல்லாரும்? மாலை யாருக்கு?”

ஓவர்சியர் வாய் குழறி, “உங்களுக்குத்தான் டீச்சர்” என்றார்.

“எனக்கு எதுக்கு? என் பிறந்தநாள் சித்திரையிலல்லவா வருது?” என்று சொல்லிக்கொண்டே டீச்சர் மாலையை வாங்கிக்கொண்டு போய்ச் சாமி படத்துக்குப் போட்டுவிட்டு வந்தார். வேறு வழியில்லாமல் நான்தான் விஷயத்தைச் சொன்னேன். அவர் போன் முந்தின நாள் மழையில் நனைந்ததால் அரிசி டின்னுக்குள் புதைந்து கிடந்தது.

டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, “யார் யார் என்னென்ன எழுதியிருக்காங்க? அதைக் குடு” என்று என் போனை வாங்கினார். ஒன்றுவிடாமல் படித்தார். எங்கள் குழுவிலேயே இருந்த அவருடைய பழைய மாணவன் ஒருவனின் செய்தியில் நிறுத்தினார்.

“ஆழ்ந்த இறங்கல்னு எழுதியிருக்கான் பாரு. மாடிப்படியா இறங்கறதுக்கு? இரங்கலுக்குச் சின்ன ர போடணும்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். நான் செத்தும் அவனுக்கு வரலை.”

நாங்கள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றோம். எல்லாருக்கும் டீ வந்தது. யாருக்கும் கிளம்பத் தோன்றவில்லை. சாவு வீட்டுக்கு வந்தவர்கள் எப்போது விடைபெற வேண்டும் என்று தெரியும். செத்தவரே டீ போட்டுக் கொடுத்தால் என்ன செய்வது?

மதியம் இருக்கும். வாசலில் ஆட்டோ நின்றது. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, தலையிலிருந்து கால்வரை நனைந்த ஒருவர் இறங்கி வந்தார். டீச்சரின் தம்பி கலியபெருமாள். திருத்துறைப்பூண்டிக்காரர். அக்காவும் தம்பியும் பேசிப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. ஒரு கல்யாணப் பத்திரிகையில் அக்கா பெயர் விட்டுப்போனதுதான் காரணம். செய்தி எந்தக் குழுவிலிருந்து எந்தக் குழுவுக்குப் போய் அவரைச் சேர்ந்ததோ, மூன்று பஸ் மாறி வந்திருந்தார்.

அழுவதற்குத் தயாராக உள்ளே காலை வைத்தவர், நாற்காலியில் இருந்த அக்காவைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். மறுபடி அக்காவைப் பார்த்தார். அப்படியே சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

டீச்சர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “குடை எடுத்துட்டு வரலியா?” என்று கேட்டார்.

“அவசரத்துல மறந்துட்டேன்க்கா.”

“எந்திரிச்சுத் தலையைத் துவட்டு. ஈரத்தோட உக்காராதே.”

துண்டை வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டவர், அதை வெகுநேரம் எடுக்கவில்லை. ஓவர்சியர் கூரையில் ஒழுகல் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல அண்ணாந்து நின்றார். நானும் பார்த்தேன். ஒழுகல் ஒன்றும் இல்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் வாசலில் மொபெட் சத்தம். தொட்டி பாய் மழைக்கோட்டோடு வந்தார். இரண்டு கையாலும் ஒரு அடீனியத்தை ஏந்திக்கொண்டிருந்தார். அடிமரம் குண்டாக, ரோஜா நிறத்தில் பூக்குமே, அந்தச் செடி. டீச்சர் அவருக்குக் கொடுத்தது. இப்போது அடிமரம் அழுகிக் கொழகொழவென்று தொங்கியது.

“மன்னிச்சுக்குங்க டீச்சரம்மா, என்னால காப்பாத்த முடியலை. மழைக்கு முன்னாடி உள்ள எடுத்து வச்சிருக்கணும்” என்று சொல்லிக்கொண்டே வந்தவர், கூட்டத்தைப் பார்த்து நின்றார். “எல்லாரும் இங்க இருக்கீங்க. என்ன விசேஷம்?”

ஓவர்சியர் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார். பாயின் முகம் சிமெண்ட் நிறத்துக்குப் போனது. கலியபெருமாள் துண்டை விலக்கி, “இவர்தானா எழுதினது?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. ஆனால் பாய் செடியைத் தரையில் வைத்துவிட்டு, மொபெட்டையும் எடுக்காமல், மழையில் நடந்தே போய்விட்டார். அந்த மொபெட் இரண்டு நாள் டீச்சர் வீட்டு வாசலில் நின்றது.

அன்று சாயங்காலமே குழுவை விட்டு விலகிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நடந்தது. எல்லாச் செடிக்கும் சரியான பெயர், நர்சரி, தேதி. அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அடுத்த வாரம் பதினைந்து நிமிஷம். அதற்கடுத்த ஞாயிறு ஓவர்சியரும் நானும் மட்டும் மாடியில் உட்கார்ந்திருந்தோம். “நீ ஒரு தடவை போயிப் பாரும்மா” என்றார் அவர்.

போனேன். பாய் கொட்டகையில் தொட்டி அச்சுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

“நான் செடியை நினைச்சுத்தாம்மா எழுதினேன். வாக்குக் குடுத்தது ஞாபகமில்லாம இல்லை. அன்னிக்குத் துக்கத்துல கை பழைய பேரையே அடிச்சுருச்சு. ஒரு மனுஷன் மூணு பஸ் மாறி அழுதுகிட்டே வந்திருக்காரு. வழியில அவருக்கு ஏதாவது ஆகியிருந்தா?”

“ஒண்ணும் ஆகலையே பாய். அப்படி எதுக்குத்தான் மனுஷங்க பேரை வைக்கணும்?”

அவர் அச்சைக் கீழே வைத்தார். “காலைல அறுபது தொட்டிக்குத் தண்ணி ஊத்தறேன். வெறும் செடின்னா அது வேலை. பேரு இருந்துச்சுன்னா ஊர்ல எல்லாரையும் ஒரு சுத்து விசாரிச்சுட்டு வந்த மாதிரி இருக்கும். நேர்ல போயி விசாரிச்சா, என்ன காரியமா வந்தீங்கன்னு கேக்கறாங்கம்மா.”

அப்போது டீச்சரும் தம்பியும் வந்து இறங்கினார்கள். கலியபெருமாள் கையில் திருத்துறைப்பூண்டி நர்சரியில் வாங்கின அடீனியக் கன்று. அதை பாயிடம் நீட்டி, “என் பேரு கலியபெருமாள். மழையில வைக்காதீங்க” என்றார்.

பாய் வாங்கிக்கொண்டார். லேபிளைப் பிடுங்கக் கை போனது. பாதியில் நிறுத்தி டீச்சரைப் பார்த்தார்.

“பிடுங்குங்க பாய்” என்றார் டீச்சர். “அதுலயும் எழுத்துப் பிழை.”

பாய் குழுவுக்குத் திரும்பினார். ஓவர்சியர் புது விதி போட்டார். மனிதர் பெயர் எழுதலாம், ஆனால் முன்னால் ‘செடி’ என்று போட வேண்டும். பாய் அதை ஒழுங்காகக் கடைப்பிடித்தார். எல்லாவற்றுக்கும் கடைப்பிடித்தார். “செடி: எனக்கு நேத்துலேந்து ஜுரம்” என்று அவர் எழுதியபோது, மருமகள் சென்னையிலிருந்து வேப்பெண்ணெய் அடிக்கச் சொன்னார்.

எனக்குத் தஞ்சாவூருக்கு மாற்றலாகி வந்து எட்டு மாதம் ஆகிறது. இரண்டு மாதம் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைப்பு மணி அடித்தது. திறந்தால் தொட்டி பாய். இடுப்பில் குழந்தையைப்போல ஒரு சிமெண்ட் தொட்டி. குத்தாலத்திலிருந்து பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய், வெயில் படுகிற மூலையாகப் பார்த்து இறக்கினார். உள்ளே வெறுமையாக இருந்தது.

“செடி எங்க பாய்?”

“அது உங்க இஷ்டம்மா. என்ன வேணுமோ வச்சுக்குங்க” என்றார். டீ குடித்தார், என் கணவரிடம் உடம்பைப் பற்றி விசாரித்தார், அடுத்த பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிட்டார்.

அதற்குப் பிறகு நாலு நர்சரி ஏறி இறங்கிவிட்டேன். எதைப் பார்த்தாலும் அந்தத் தொட்டிக்கு இது போதுமா என்று சந்தேகம் வந்து, வெறுங்கையோடு திரும்பிவிடுகிறேன்.