மச்சான் மீன் மசாலாவுக்குச் சான்றிதழ் வந்துவிட்டது

வியாசர்பாடி,
ஞாயிற்றுக்கிழமை காலை.

எண்ணூரில் சகல சௌக்கியத்துடனும், முக்கியமாக உயிருடனும் இருக்கும் அன்பு மச்சான் செங்குட்டுவன் அவர்களுக்கு, தங்கள் அக்கா பட்டம்மாளின் வீட்டுக்காரன் குணசேகரன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் தங்கள் அக்காவும் மசாலா அரைக்கிற மெஷினும் நலம். அங்கே துறைமுகத்தில் தாங்களும் தங்கள் கிரேனும் அப்படியே இருக்க வேண்டும். இந்தத் 'தாங்கள்' எல்லாம் இதோடு சரி, எனக்குக் கை வரவில்லை. இனி நீ என்றே எழுதுகிறேன்.

நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் மசாலாவுக்கு டிரேட்மார்க் கிடைத்துவிட்டது. நேற்று ராயபுரத்திலிருந்து வக்கீல் மெஹ்னாஸ் போன் செய்து, "அண்ணே, சர்டிபிகேட் வந்துடுச்சு. பேரும் படமும் இனிமே உங்களுது, எவனும் கை வைக்க முடியாது" என்றார். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக நேற்று மத்தியானம் படுத்துத் தூங்கினேன். ஜெரி அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வருகிறான், வந்ததும் இதோடு வைத்து அனுப்புகிறேன்.

இப்போது உன்னிடம் ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். போனில் சொன்னால் நடுவில் பேசுவாய், அதனால்தான் கடிதம். 2011ல் மசாலா போட ஆரம்பித்தபோது முக்கில் பேனர் கடை வைத்திருக்கும் ஜெரியிடம் லேபிள் அடிக்கச் சொன்னேன். "அண்ணே, உன் மூஞ்சியப் போட்டா மீனே வாங்க மாட்டான், அப்பால எங்க மசாலா வாங்குறது" என்று சொல்லிவிட்டு, நீ கோல்கீப்பராகக் கோப்பையைப் பிடித்துச் சிரிக்கிற போட்டோவைப் போட்டுவிட்டான். உன்னை யாரும் கேட்கவில்லை. நீயும் ஒன்றும் சொல்லவில்லை, காசிமேட்டில் எல்லாரும் உன்னை மசாலா மச்சான் என்று கூப்பிட்டது உனக்குப் பெருமைதான். பிறகு நான் ரெஃப்ரீயாக நின்ற மேட்சில் உன் டீமுக்கு எதிராகப் பெனால்டி கொடுத்தேன். அது பெனால்டிதான், அதைப் பற்றி இந்தக் கடிதத்தில் பேச்சு வேண்டாம். நாலு வருடம் நீ எங்கள் வாசற்படி மிதிக்கவில்லை.

அந்த நாலாவது வருடம்தான் திருவொற்றியூரில் ஒருத்தன் அதே பேர், அதே மஞ்சள் கவர், அதே உன் மூஞ்சியோடு ஒரு மசாலாவை இறக்கினான். உள்ளே பாதி தவிடு. உன் அக்கா மொட்டை மாடியில் மிளகாய் காயவைத்து, ஒவ்வொன்றாய்க் காம்பு கிள்ளிச் சம்பாதித்த பேர் அது. கடைக்காரர்கள் அவளிடமே, "இன்னாக்கா, கைப்பக்குவம் பூட்சா?" என்று கேட்டார்கள். அவள் சண்டை போடாமல் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டாள். பட்டம்மாள் சண்டை போடவில்லை என்றால் வீடு வீடாக இருக்குமா, நீயே சொல். இதில் உன் போட்டோவை நீயேதான் அவனுக்குக் கொடுத்தாய் என்று வேறு நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவனை நிறுத்த டிரேட்மார்க் வாங்குவதுதான் வழி என்று வக்கீலைப் பிடித்தேன். மெஹ்னாஸ் லேபிள் படம் வாங்க ஜெரி கடைக்கே வந்தார். பழைய பில், பழைய கவர் எல்லாம் கேட்டார், கொடுத்தேன். அப்புறம், "படத்துல இருக்கிறவரு யாரு? அவரு எழுத்துல சம்மதம் தரணும், ரிஜிஸ்ட்ரார் கேப்பாரு" என்றார். உன்னிடம் வந்து நின்றால், பெனால்டி கொடுத்தது தப்பு என்று என்னிடம் எழுதி வாங்கிக்கொண்டுதானே கையெழுத்துப் போடுவாய். ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "அவரு தவறிட்டாரும்மா" என்றேன். மெஹ்னாஸ் விடவில்லை. "எப்போ? இறந்து இருபது வருசம் ஆகலன்னா வாரிசு சம்மதம் வேணும்." "இருபத்தோரு வருசம் ஆச்சு" என்றேன். நீ பிடித்திருந்த கோப்பையில் 2010 என்று போட்டிருந்தது. மெஹ்னாஸ் கோப்பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி, நேத்து ராத்திரின்னு வச்சுக்கம்மா" என்றேன். பின்னால் ஜெரி நின்றுகொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை.

நம் ஏரியா உனக்குத் தெரியாததா. ஒருத்தர் போய்விட்டார் என்றால் வீட்டில் அழுகை ஆரம்பிப்பதற்கு முன்னால் முக்கில் பேனர் ஏறிவிடும். ஜெரி உன்னோடு டிஃபென்ஸ் ஆடியவன், அழுதுகொண்டே மெஷினைப் போட்டான். அவனிடம் உன் போட்டோ வேறு இல்லாததால் மசாலா லேபிளையே எடுத்து, உனக்கு ரோஜா மாலை போட்டு, பக்கத்தில் குத்துவிளக்கு வைத்து, மேலே 'கண்ணீர் அஞ்சலி' என்று எழுதினான். கீழே 'மச்சான் மீன் மசாலா' அப்படியே இருந்தது. நான் மெஹ்னாஸை பஸ் ஏற்றிவிட்டு, டீ குடித்துவிட்டு வருவதற்குள் பேனர் கட்டியாகிவிட்டது, மேளத்துக்கும் ஆள் போயாகிவிட்டது. குடத்தோடு வந்த உன் அக்கா பேனரைப் பார்த்தாள், குடம் விழுந்தது. உடனே உனக்குப் போன் போட்டாள். "இன்னாக்கா?" என்று நீயே பேசினாய். அவள் போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, "மசாலாவுக்காக என் தம்பிய சாவடிச்சியா நீ?" என்று கேட்டாள். அதற்கு அப்புறம் நடந்ததை நான் எழுதப்போவதில்லை.

போன் பாதியில் நின்றதால் பதறி நீ பைக்கில் வந்து இறங்கியபோது மாலையோடு நின்ற நாலு பேர், அதைக் கீழே வைப்பதா உனக்கே போடுவதா என்று விழித்தார்கள். "யார்ரா இந்த கலீஜ் வேலையப் பண்ணது?" என்று கேட்டாய். "கம்ப்யூட்டர் மிஸ்டேக் தல" என்றான் ஜெரி. இன்றுவரை நீ அதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறாய். திரும்பவும் நீ கோபித்துக்கொண்டு போய்விடுவாயோ என்ற பயத்தில் உன் அக்காவும் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு அவள் கையால் சாப்பிட்டுக்கொண்டே, "ஒத்தியூர்ல வாங்கித் துன்னேன்க்கா, தவிடாட்டம் இருந்துச்சு. உனுக்கு ஒடம்புக்கு இன்னாவோ ஏதோன்னு பேஜாரா பூட்சு. வந்து கேக்கலாம்னா மாமா மூஞ்சில முழிக்கணும்" என்றாய். கள்ள மசாலாவுக்கும் உனக்கும் சம்பந்தம் இல்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மெஹ்னாஸுக்குப் போன் போட்டு உண்மையைச் சொல்லி, அவர் சொன்னபடி எழுதிய சம்மதக் கடிதத்தை நீட்டினேன், நீ படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாய், பெனால்டி பேச்சையே எடுக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது மச்சான்.

அன்றைக்கே ஜெரி படத்தை மெயிலில் அனுப்பினான், மெஹ்னாஸ் விண்ணப்பத்தைப் போட்டார். பிறகு அரசாங்க ஜர்னலில் வந்தது. அதைப் பார்த்து யார் வேண்டுமானாலும் நாலு மாதத்துக்குள் ஆட்சேபிக்கலாமாம். அந்த நாலு மாதமும் வாசலில் யார் செருப்பு விட்டாலும் திருவொற்றியூர்க்காரன்தான் என்று பயந்தேன். அவன் வரவில்லை. சேதி தெரிந்து இப்போது கடை கடையாகப் போய் அவன் கவரை அவனே திரும்ப எடுக்கிறானாம். உன் அக்கா நேற்று காசிமேட்டில் இரண்டு பேரோடு சண்டை போட்டுவிட்டு வந்தாள். வீடு பழையபடி ஆகிவிட்டது.

நடந்ததற்கு மன்னித்துக்கொள். உன் வீட்டில் எல்லாருக்கும் என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசி. நீ நூறு வயது இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் மாமன் குணசேகரன்

பின்குறிப்பு: ஜெரி வந்தான். கண்ணாடி போட்டுச் சான்றிதழைப் பார்த்தேன். அதில் உன் கழுத்தில் ரோஜா மாலை இருக்கிறது, பக்கத்தில் குத்துவிளக்கு எரிகிறது. பாவி அன்றைக்குப் பேனர் படத்தில் 'கண்ணீர் அஞ்சலி'யை மட்டும் அழித்துவிட்டு அதையே அனுப்பியிருக்கிறான். மெஹ்னாஸைக் கேட்டால், "கப்பு ஜெயிச்சதுக்குப் போட்ட மாலைன்னு நெனச்சேன் அண்ணே" என்கிறார். பதிவான படத்தை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாதாம், வேண்டாம் என்றால் முதலிலிருந்து மனு போட வேண்டுமாம். உன் அக்கா இன்னொரு இரண்டு வருடம் தாங்க மாட்டாள். ஆகவே சட்டப்படி பத்து வருடத்துக்கு நீ மாலையோடுதான் இருக்க வேண்டும், அதன் பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம். புதுக் கவர் திங்கட்கிழமை காசிமேட்டுக்குப் போகிறது. நீ தயவுசெய்து கோபித்துக்கொண்டு வராமல் இருந்துவிடாதே. அது பெனால்டி இல்லை.