இன்பாஸ் வைத்த பன்னிரண்டு புள்ளிகள்

மனிதர்களில் துல்லியக்காரர் என்று ஓர் இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். மணி என்ன என்று கேட்டால் பத்தரை என்று சொல்லிவிட்டுப் போகாமல் பத்து இருபத்தெட்டு என்று சொல்கிறவர். பதுளைக்கும் பண்டாரவளைக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்டால், எந்தக் கடை வாசலிலிருந்து எந்தக் கடை வாசல்வரை என்று திருப்பிக் கேட்கிறவர். கல்யாண வீட்டில் ஒரே சஹன் தட்டைச் சுற்றி ஆறு பேர் பசியோடு உட்கார்ந்திருக்க, இறைச்சித் துண்டுகளை மனதுக்குள் ஆறால் வகுத்துக்கொண்டிருக்கிறவர். இவர்கள் கெட்டவர்களா? இல்லவே இல்லை. எப்போதும் சரியாக இருப்பார்கள், அதுதான் தொல்லை.

நம்முடைய இன்பாஸ் இந்த இனத்தில் முதல் தரம். பதுளை நகரத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கிறார். பாஸ்போர்ட் படம் எடுக்கப் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள். தாடையைக் கொஞ்சம் இறக்கு, இன்னும் கொஞ்சம், இல்லை அது கூடிவிட்டது என்று கழுத்து வலிக்கும்வரை விடமாட்டார். மழை தூறுகிறது, உடுப்பை எடுங்கள் என்று மனைவி ஸஜீதா குசினியிலிருந்து கத்தினால், போனை எடுத்துப் பார்த்துவிட்டு, "இன்னும் நாப்பது நிமிஷத்துக்கு மழ இல்ல" என்பார். உடுப்பு நனைந்துகொண்டிருக்கும்.

இப்படிப்பட்டவர் கையில் ஒரு ட்ரோன் கிடைத்தால் என்ன ஆகும்? கையால் பறக்கவிடுவது எல்ல ஊர் ரயில் பாலத்தைச் சுற்றிச் சுற்றி விளையாடும் உல்லாசப் பயணிகளின் வேலை என்பது அவர் கொள்கை. இவர் வரைபடத்தில் புள்ளி வைப்பார். ஒவ்வொரு புள்ளிக்கும் எவ்வளவு உயரம், எந்தத் திசை, கெமரா எவ்வளவு குனிய வேண்டும், எத்தனை விநாடி நிற்க வேண்டும் என்று எழுதுவார். பிறகு ஒரே ஒரு பொத்தான். ட்ரோன் தானாக எழும்பி, புள்ளி புள்ளியாகப் போய், படம் எடுத்துக்கொண்டு தானாகத் திரும்பும். அதற்கு முன்னால் நடக்கும் சடங்குகள்தான் ஒரு மணி நேரம். செம்மஞ்சள் விரிப்பை விரித்து, ரசமட்டம் வைத்து, ட்ரோனை இரண்டு கையாலும் ஏந்தித் தன்னைத் தானே மூன்று சுற்றுச் சுற்றி, எத்தனை சட்டலைட் அகப்பட்டது என்று உரக்க எண்ணுவார். எல்லாம் முடிந்ததும், "மெஷின் பொய் சொல்லாது" என்பார். அதன்பிறகு அவர் கண்ணுக்குத் திரையைத் தவிர வேறெதுவும் தெரியாது.

பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் லயத்துக்கு மேலே மலையில் ஒரு வெடிப்பு விழுந்திருந்தது. கீழே இருபத்திரண்டு குடும்பங்கள். மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிய பிறகு இந்தப் பக்கத்தில் யாரும் மலையை நம்பிக் கால் நீட்டிப் படுப்பதில்லை. அவர்களுக்காக மண்சரிவு அலுவலகத்துக்கும் தோட்டத்துக்கும் நடையாய் நடந்தவள் மருதாயி என்கிற கொழுந்து பறிக்கும் பெண். வெடிப்பை ஆகஸ்டில் ஒரு தடவை, ஒக்டோபரில் ஒரு தடவை, அதே இடங்களிலிருந்து படம் எடுத்துக்கொண்டு வாருங்கள், அகன்றிருந்தால் மழைக்கு முன்னால் எல்லாரையும் பாடசாலைக்கு மாற்றலாம் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். அதே இடங்களிலிருந்தா? இன்பாஸ் தாமாகவே போய் அந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஆகஸ்டில் வெயில். வெடிப்புக்குப் பக்கத்து மாடசாமி கோயில்வரை ஏறி, சிமெந்து முற்றத்தில் தூரிகையால் வெள்ளைச் சிலுவைக் கோடு ஒன்று போட்டு, அதன் நடுவிலிருந்து ட்ரோனை ஏற்றினார். பன்னிரண்டு புள்ளி, எல்லாம் முப்பது மீட்டர் உயரம். பன்னிரண்டு படமும் அத்தனை சுத்தம். முதல் படத்தில் அந்த வெள்ளைக் கோடுகூடப் பளிச்சென்று விழுந்திருந்தது.

ஒக்டோபரில் தூறல். பாதை முழுக்கக் காலில் ஏறும் அட்டை. மலையடியில் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குக் கூரை இருந்தது, சூடான பிளேன்டீ இருந்தது. இன்பாஸ் விரிப்பை அங்கேயே விரித்துவிட்டார்.

"நானா, போன தடவ மேல கோயில்ல இருந்துதானே ஏத்துனீங்க?" என்று மருதாயி கேட்டாள்.

"எங்க இருந்து ஏத்தினா என்ன தங்கச்சி? புள்ளியெல்லாம் உள்ளுக்கு ஈக்கு. அது தானாப் போகும்."

"அது மேடுங்க. இது பள்ளமா இருக்கே."

"மெஷினுக்கு எல்லாம் தெரியும். மெஷின் பொய் சொல்லாது."

பொய் சொல்லவில்லைதான். ஆனால் அவருடைய ட்ரோன் உயரத்தை எங்கிருந்து கணக்கிடும் தெரியுமா? தான் கிளம்பிய தரையிலிருந்து. இதை ஸ்டூடியோவுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் வகுப்பு எடுத்தவரே இன்பாஸ்தான். கோயிலைவிட மடுவம் நாற்பத்தைந்து மீட்டர் பள்ளம். மடுவத்திலிருந்து முப்பது மீட்டர் ஏறினால், கோயில் முற்றத்துக்கு இன்னும் பதினைந்து மீட்டர் கீழே. அதாவது, முதல் புள்ளி மலைக்குள்ளே, மண்ணுக்கு நடுவில் இருந்தது. எதிரே தடை வந்தால் நிற்கச் செய்யும் வசதியையும் அவர் அன்று அணைத்து வைத்திருந்தார். மூடுபனியைச் சுவர் என்று நினைத்து அது அடிக்கடி நின்று அவருடைய நேரக் கணக்கைக் கெடுத்ததாம்.

ட்ரோன் எழும்பியது. முப்பதாவது மீட்டரில் திரும்பியது. திரையில் அம்புக்குறி புள்ளியை நோக்கி ஒரு மயிரிழை விலகாமல் போவதை இன்பாஸ் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தார். மருதாயி மட்டும் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானா, அது தேயிலைக்குள்ள போகுதுங்க."

"இல்ல, சரியாப் போகுது."

தேயிலைக்குள்தான் போனது.

மருதாயி ஏறிப்போய், இரண்டு கை முறிந்து கிடந்த ட்ரோனைப் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டாள். அட்டையைத் தட்டிவிட்டபடி பின்னால் ஏறி வந்த இன்பாஸிடம், "இவ்வளவு தூரம் வந்துட்டீங்க, மேல வந்து ஒரு எட்டுப் பாத்துட்டுப் போங்க" என்றாள். வேறு வழியில்லாமல் போனார்.

கோயில் முற்றத்தில் அவருடைய வெள்ளைக் கோடு இருந்தது, ஆனால் இரண்டாக இருந்தது. வெடிப்பு முற்றம்வரை நீண்டு அதன் நடுவே ஓடியிருந்தது. ஒரு பாதி இருந்த இடத்திலேயே இருக்க, மறுபாதி ஒரு சாண் கீழே இறங்கிக் கிடந்தது. இன்பாஸ் பழக்கதோஷத்தில் சட்டைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தார். இரண்டு தடவை அளந்தார்.

"என் வீடு இதுக்கு நேர் கீழங்க" என்றாள் மருதாயி. "மழ சத்தம் கேட்டா, சோத்தப் பாதியில வச்சுட்டுப் புள்ளைகள வெளிய இழுத்துருவேன். மூணு மாசமா இப்பிடித்தான்."

அவர் பயந்துவிட்டார். பயத்தோடு வெட்கமும் வந்தது. நாடாவை வெடிப்புக்குக் குறுக்கே பிடிக்கச் சொல்லி, கோடும் நாடாவும் அவளுடைய காலும் தெரிய, போனிலேயே படம் எடுத்தார்.

மறுநாள் அலுவலகத்தில் இரகுநாதன் என்ற அதிகாரி அந்தப் படத்தைத் தள்ளி வைத்தார். அவரும் அதே துல்லியக்கார இனம். "உது போனிலை எடுத்த படமெல்லோ. ட்ரோன் படம் எங்கை? அதே புள்ளியிலை நிண்டு எடுக்க வேணும் எண்டு வடிவாச் சொன்னனான்."

இன்பாஸுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. தன் முகத்தையே இன்னொருவர் கழுத்துக்கு மேலே பார்த்தால் யாருக்கும் வரும். "சேர், அந்தப் புள்ளி இப்ப ரெண்டா ஈக்கு. எதில நிண்டு எடுக்கச் சொல்றீங்க?"

ஆகஸ்டுப் படத்தையும் போன் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அதில் ஒரு கோடு, இதில் இரண்டு துண்டு. இரகுநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு தொலைபேசியை எடுத்தார். இரண்டாம் நாள் இருபத்திரண்டு குடும்பங்களும் பாடசாலையில் இருந்தன. ஒன்பதாம் நாள் மழையில் கோயில் முற்றம் அப்படியே சரிந்து வந்து, மருதாயி வீட்டுக் குசினியில் நின்றது. அங்கே ஒரு பானையைத் தவிர யாரும் இல்லை.

இத்தனைக்கும் பிறகு இன்பாஸ் திருந்தியிருப்பார் என்றா நினைக்கிறீர்கள்? ஸ்டூடியோவுக்குப் போய்க் கேட்டுப் பாருங்கள். மடுவத்தையும் பிளேன்டீயையும் பற்றி ஒரு வார்த்தை வராது. "நான் வச்ச புள்ளி வச்ச இடத்திலேயே ஈக்கு. மலைதான் அசஞ்ச" என்பார். இதிலும் அவர் சொல்வது சரி. என்ன செய்வது?

நல்ல வேளை, நான் அந்த இனமில்லை என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் கோயிலைவிட மடுவம் நாற்பத்தைந்து மீட்டர் பள்ளம் என்று சொன்ன இடத்தில், லயத்துக் குடும்பங்களை அங்கேயே விட்டுவிட்டு, முப்பது போனால் பதினைந்து சரிதானா என்று மனதுக்குள் கழித்துப் பார்த்தது யார்? போகட்டும், வெளியே தூறுவதுபோல் இருக்கிறது. போனைத் தேடாமல், ஜன்னல் வழியாகக் கையை நீட்டிப் பாருங்கள்.