மாமனார் தோட்டத்தைச் சுத்தம் செய்த கதை

மெயின்டனன்ஸ் வேலை பார்க்கிறவனுக்கு ஓடாமல் நிற்கிற எதைப் பார்த்தாலும் கை அரிக்கும். கல்யாண மண்டபத்தில் கிரைண்டர் நின்றால், தான் பந்தியில் உட்கார வந்தவன் என்பதை மறந்து ஸ்க்ரூடிரைவர் கேட்பான். கோயிலில் மின்சார மேளம் நின்றுவிட்டால் சாமியை அப்படியே விட்டுவிட்டு மேளத்தின் பின்பக்கம் போய்விடுவான். எனக்கு இந்த வியாதி முற்றிப்போயிருந்தது. ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் மெஷின்களோடு பழகிப் பழகி, மனிதர்களிடம் பேசும்போதும் ‘எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது?’ என்றுதான் ஆரம்பிப்பேன். (அதுவரை பார்த்த எந்தப் பெண் வீட்டிலும் என்னை இரண்டாவது தடவை கூப்பிடவில்லை. காரணம் இதுவாக இருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.)

அப்படிப்பட்ட என்னை ஒரு ஞாயிற்றுக்கிழமை தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் பெண் பார்க்க அழைத்துப் போனார்கள். பெண் பெயர் பவித்ரா. ஓசூரில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் வேலை. அப்பா கிருஷ்ணப்பா, ராகியும் தக்காளியும் போடுகிற விவசாயி. போட்டோவைப் பார்த்த நாளிலிருந்தே எனக்கு அவளைப் பிடித்துப்போயிருந்தது. இந்த இடமாவது அமைய வேண்டுமே என்று அப்பா அம்மாவை விட நான்தான் அதிகமாகக் கவலைப்பட்டேன். பஸ்ஸில் அம்மா ஒரே ஒரு புத்திமதிதான் சொன்னாள்.

“போற எடத்துல எதையும் கழட்டாத.”

சரி என்று தலையாட்டினேன். மனதார ஆட்டினேன்.

வீட்டுக் கூடத்தில் எங்களை உட்காரவைத்தார்கள். சித்திரை வெயில். பவித்ராவின் அம்மா ஓடிப்போய் ஒரு டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து எனக்கு நேராகப் போட்டார். மாப்பிள்ளைக்கு வேர்க்கக் கூடாதாம். குளுகுளுவென்று காற்று. கேசரி வந்தது, பஜ்ஜி வந்தது. அப்பாவும் கிருஷ்ணப்பாவும் மழை பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

டிராக்டர் சத்தம். ஆனால் வெளியிலிருந்து அல்ல. டுர்ரென்று வரும், அப்படியே நிற்கும், மறுபடி டுர்ரென்று வரும். கிருஷ்ணப்பா மழையைப் பற்றிப் பேசிக்கொண்டே கவலையோடு மூலையைப் பார்த்தார். அங்கே மேஜை மேல் ஒரு பெரிய லேப்டாப். திரையில் ஒரு சிவப்பு டிராக்டர் தானாகவே விதை போட்டுக்கொண்டிருந்தது. இரண்டடி போகும், உறைந்து நிற்கும், திடீரென்று பத்தடி தள்ளித் தெரியும்.

எனக்குக் கை அரிக்க ஆரம்பித்தது. அது யாருடைய லேப்டாப் என்று கேட்டேன். பவித்ராவுக்குத் தம்பி யாரும் இல்லை என்று தெரியும். கிருஷ்ணப்பா மீசையைத் தடவினார். அவருடையதுதானாம். மகள் வாங்கிக் கொடுத்தது. விவசாயம் பண்ணுகிற கேம். நாங்கள் வந்தபோது பாதி விதைப்பில் இருந்ததால் நிறுத்த மனம் வரவில்லையாம். அத்தை (அப்போது இன்னும் அத்தை ஆகவில்லை, ஆனாலும்) தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக அவரைப் பார்த்தார். வந்த இடத்தில் மானத்தை வாங்குகிறாரே என்கிற பார்வை.

எனக்கு அது மானப் பிரச்சினையாகவே தெரியவில்லை. ஒரு விவசாயி நாளெல்லாம் வயல்காட்டில் நின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் ஏன் ஏர் ஓட்டுகிறார்? நான் ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்காகப் பழைய பேரிங்கைக் கழற்றி மாட்டுகிற மாதிரியா? அதில் என்ன பயிர் போட்டிருக்கிறார் என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்தது. கோதுமை, சோளம், ஒரு மூலையில் சூரியகாந்தி. ராகிதான் இல்லையாம். வெள்ளைக்காரனுக்கு ராகி தெரியவில்லை என்பது அவருக்கு ஒரு குறை. நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

“இங்க பாருங்க, நட்டது நட்டபடி இருக்குது,” என்றார். “நம்ம கொல்லையில அறுப்புக்கு நாலு நாள் இருக்கறப்ப யான எறங்கிருது. போன வருசம் ராகி பூரா போச்சி. இதுல எதுவும் வராது. நாம தூங்கலாம்.”

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அது சாதாரணமாகப் படவில்லை. இந்த மனிதருக்கு இந்த டிராக்டரை ஒழுங்காக ஓடவைக்காமல் இங்கிருந்து எழுந்திருப்பதில்லை என்று முடிவு செய்தேன். அம்மா என் கையைக் கிள்ளினாள். அந்தக் கிள்ளல் எனக்கு உறைக்கவில்லை.

எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது என்று என் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். எப்போதும் இல்லையாம், சில நேரம் மட்டும்தானாம். எந்த நேரம்?

“யாரனா வூட்டுக்கு வந்தா மட்டும் இப்படி ஆவுது தம்பி. நாங்க மட்டும் இருந்தா ஜோரா ஓடுது. திருஷ்டின்னு இவ எலுமிச்சம்பழம் கூட வெச்சிப் பாத்தா.”

நான் சிரித்தேன். படித்தவன் சிரிப்பு. திருஷ்டியால் எந்த மெஷினும் நிற்காது மாமா, எதற்கும் மூல காரணம் என்று ஒன்று உண்டு என்று விளக்கினேன். எங்கள் கம்பெனியில் ஒரு முறை இருக்கிறது. மெஷின் நின்றால் ‘ஏன்’ என்று கேட்க வேண்டும். வருகிற பதிலுக்கும் ‘ஏன்’ கேட்க வேண்டும். கேட்டுக்கொண்டே போனால் கடைசியில் காரணம் கையில் மாட்டும். காபித் தட்டோடு வந்து நின்ற பவித்ராவும் இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் பிரிவிலும் இதைத்தான் செய்வோம் என்றாள். அவள் குரலை அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டேன். அதன் பிறகு என்னை நிறுத்த யாராலும் முடிந்திருக்காது.

முதல் ஏன்: ஏன் திக்குகிறது? சூடாகியிருக்கும். ஏன் சூடு? உள்ளே தூசி. ஏன் தூசி? யாரும் ஊதவில்லை. கம்பெனியில் கன்ட்ரோல் பேனலைக் காற்றடித்துச் சுத்தம் செய்வதுதான் எங்களுக்குச் சர்வரோக நிவாரணி. டிராக்டர் டயருக்குக் காற்றடிக்கக் கம்ப்ரஸர் இருக்குமே என்றேன். இருந்தது. லேப்டாப்பை அணைத்து, சார்ஜர் பின்னைப் பிடுங்கிவிட்டு, குழந்தையைத் தூக்குவது போலக் கொட்டகைக்குத் தூக்கிப் போனேன். இரண்டு குடும்பமும் பின்னாலேயே வந்தது. ஓட்டையில் காற்றை விட்டேன். தூசி கொஞ்சம்தான் வந்தது. ஆனால் குழாய் என் கையிலிருந்து துள்ளி, வாசலில் காயப்போட்டிருந்த மிளகாய்ப் பக்கம் திரும்பிவிட்டது. அடுத்த கொஞ்ச நேரத்துக்கு இரு வீட்டாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் தும்மிக்கொண்டிருந்தோம். அப்பா தும்மலுக்கு நடுவே என் பெயரைச் சொன்ன விதம் நன்றாக இல்லை.

கூடத்துக்குத் திரும்பி, சார்ஜர் பின்னை லேப்டாப்பில் மறுபடி சொருகி, கேமைத் திறந்தேன். அதே திக்கல். பேட்டரி பாதிக்கும் கீழே இருந்தது. பேட்டரியும் வீக் மாமா என்று அதைத் தனிக் குறையாகச் சொல்லிவைத்தேன். (என் அறிவின் ஆழத்தை இதற்கு மேல் நான் விளக்கத் தேவையில்லை.)

அடுத்த ஏன். உள்ளே இடம் நிறைந்திருந்தது. பார்த்ததும் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. எங்கள் பிளான்ட்டில் இடத்தை ஒழுங்குபடுத்துகிற முறையை ஃபைவ் எஸ் என்று சொல்வோம். அதில் முதல் வேலை, வேண்டாததைப் பிரித்து வெளியே எடுப்பது. ஸ்டோரில் ஒரே பார்ட் இரண்டு ரேக்கில் இருந்தால் ஒன்று உபரி, இடத்தை அடைக்கிறது, எடுத்துவிட வேண்டும். இதற்காக எனக்கு ஒரு வருடம் பரிசாக ஹாட்பாக்ஸ் கொடுத்திருக்கிறார்கள். லேப்டாப்பைத் துழாவினேன். அந்தக் கேம் பெயரில் ஓர் இடத்தில் ஒரு ஃபோல்டர். இன்னோர் இடத்தில் அதே பெயரில் இன்னொன்று.

“பாத்தீங்களா மாமா, டூப்ளிகேட்டு,” என்றேன்.

குப்பைத் தொட்டிக்குக் கூடப் போகாதபடி, ஒரேயடியாக அழிக்கிற மாதிரி அழித்தேன். குப்பையை வீட்டுக்குள்ளேயே வைத்திருப்பது ஃபைவ் எஸ் ஆகாது. நிஜமாகவே அழிக்கவா என்று லேப்டாப் கேட்டது. அன்றைக்கு அந்த வீட்டில் சரியான கேள்வி கேட்டது அது ஒன்றுதான். ஆமாம் என்று அமுக்கினேன்.

கேம் திறந்தது. புதிதாக வந்திருக்கும் விவசாயியே வருக என்று ஆங்கிலத்தில் வரவேற்றது. திரையில் ஒரு வெற்று நிலம். ஓரத்தில் ஒரு பழைய டிராக்டர். கோதுமை இல்லை, சோளம் இல்லை, சூரியகாந்தி இல்லை, சிவப்பு டிராக்டரும் இல்லை. ஒரு ஃபோல்டரில் இருந்தது கேம், இன்னொன்றில் இருந்தது அவர் வருடக்கணக்கில் செய்த விவசாயம் என்பது எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது.

கிருஷ்ணப்பா திரைக்கு அருகில் வந்து குனிந்து பார்த்தார்.

“எல்லாமே போயிருச்சா?”

“ஆமாங்க மாமா.”

அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கத்தவில்லை. மனைவி பக்கம் திரும்பித் தெலுங்கில் மெதுவாக ஏதோ சொன்னார். எங்களுக்குப் புரியக் கூடாது என்று தெலுங்கில் சொன்னார். எங்கள் ஷிப்டில் பாதிப் பேர் தெலுங்குக்காரர்கள், எனக்கு எல்லாம் புரிந்தது. யானையாவது வேரை விட்டுவிட்டுப் போகும் என்று சொன்னார். அந்த இடத்திலேயே தரை பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது எனக்கு. கேம் போனதற்காக அல்ல. யானை வராத ஒரே கொல்லை என்று அவர் என்னை நம்பிக் காட்டினாரே, அதற்குள் நான் நுழைந்துவிட்டேன்.

அம்மா எழுந்துவிட்டாள். சரி, கிளம்புகிறார்கள் என்று நினைத்த அத்தை, எனக்கு நேராக இருந்த டேபிள் ஃபேனைப் பிளக்கிலிருந்து பிடுங்கினார். கீழே கிடந்த ஒரு வயரை எடுத்து அந்த இடத்தில் சொருகினார். அது லேப்டாப் சார்ஜரின் மறுமுனை. அந்தக் கூடத்தில் இருந்தது ஒரே ஒரு பிளக் பாயின்ட். யார் வந்தாலும் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு ஃபேன் போடுவார்கள். பேட்டரியில் ஓடும்போது லேப்டாப் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எலுமிச்சம்பழம் வைத்த அத்தை சொன்னது சரி, ஆள் வந்தால்தான் அது நின்றது. நான் சார்ஜரின் ஒரு முனையை மட்டும் இரண்டு தடவை கையால் தொட்டிருக்கிறேன். வயருக்கு இன்னொரு முனை உண்டு என்பது என் பொறியியல் மூளைக்கு எட்டவில்லை. மூல காரணம் அத்தனை நேரமும் குளுகுளுவென்று என் முகத்தில்தான் அடித்துக்கொண்டிருந்தது.

ஓரத்தில் நின்ற அந்தப் பழைய டிராக்டரை நகர்த்திப் பார்த்தேன், ஒரு திக்கல் இல்லாமல் வெண்ணெய் போல ஓடியது. கிருஷ்ணப்பா கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.

“நல்லாத்தான் ஓடுது,” என்றார். “எங்க ஓட்டறது?”

திரும்பி வரும் பஸ்ஸில் கெலமங்கலம் தாண்டியதும் அம்மா, நீ கழற்றியிருந்தால் கூடத் திரும்ப மாட்டியிருக்கலாம் என்றாள். ஜாதகம் சரியில்லை என்று மரியாதையாக ஒரு போன் வரும் என்று எதிர்பார்த்தோம். மறுநாள் மத்தியானம் கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பவித்ரா. நான் ஹலோ சொல்வதற்குப் பதிலாக மன்னிப்புக் கேட்டேன். வரிசையாகக் கேட்டேன். நான் முடிக்கிற வரை அவள் காத்திருந்தாள்.

“நீங்க பண்ணது தப்புதான்,” என்றாள். “ஆனா இதுக்கு முன்னாடி வந்தவங்க எல்லாம் அப்பா கேம் ஆடறதப் பாத்துச் சிரிச்சாங்க. நீங்க ஒருத்தர்தான் என்னா பயிர்னு கேட்டீங்க. எனக்குச் சரி. அப்பாவ நீங்கதான் சரி பண்ணிக்கணும்.”

போன் கை மாறியது. கிருஷ்ணப்பாவின் நிபந்தனை சுருக்கமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சும்மாதானே இருக்கிறாய், வந்து ஏர் ஓட்டு.

போனேன். அந்தக் காலத்து வழக்கம் போலக் கல்யாணத்துக்கு முன்னால் மாமனார் காட்டில் வேலை செய்த கடைசி மாப்பிள்ளை இந்த ஜில்லாவில் நானாகத்தான் இருக்கும். ஒவ்வொரு ஞாயிறும் ஓசூரிலிருந்து பஸ் பிடித்துப் போய் லேப்டாப் முன்னால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல உழுதேன். முதல் நாளே டிராக்டரைக் குளத்தில் இறக்கினேன். உழவுச் சால் கோணலாகப் போனால் நிஜக் கூலியாளைத் திட்டுவது போலத் திட்டினார். எனக்குள் இருந்த கேள்வி கேட்கிறவன் இங்கேதான் பிழைத்தான். ஏன் இந்த இடத்தில் சோளம், ஏன் இப்போது உரம் என்று நான் கேட்கக் கேட்க அவர் சலிக்காமல் சொன்னார், கேமை விட்டுவிட்டு நிஜக் கொல்லைக்கே கூட்டிப்போய்க் காட்டியும் சொன்னார். கூடத்தில் இன்னொரு பிளக் பாயின்ட்டும் வைத்துக் கொடுத்தேன். சூரியகாந்தி மறுபடி பூத்த வாரம் வெற்றிலை பாக்கு மாற்றினார்கள்.

கல்யாணமாகிச் சில வருடங்கள் ஓடிவிட்டன. இன்றைக்கும் அந்த வீட்டுக்குப் புதிதாக யார் வந்தாலும் மாமனார் என்னை அறிமுகப்படுத்துவது ஒரே மாதிரிதான். என்னைப் பக்கத்தில் இழுத்து நிறுத்தி, லேப்டாப்பைக் காட்டி, முழுக் கதையையும் மிளகாய்த் தும்மலிலிருந்து சொல்வார். பவித்ரா சமையலறையிலிருந்தே விட்டுப்போன இடங்களை எடுத்துக் கொடுப்பாள். வந்தவர்கள் சிரித்து ஓய்ந்ததும் அவர் என் தோளில் கை போட்டுக்கொண்டு கடைசியாக இதைச் சொல்லுவார்:

“யான அழிச்சா கவர்மென்ட்டுல நெவாரணம் வாங்கலாம். மாப்ள அழிச்சா நாமதான் பொண்ணையும் சேத்துக் குடுக்கணும்.”